முதல் சூடு

கேஸ் அடுப்பின் லைட்டரை ஒருமுறை அழுத்தினால் போதும். ஒரு பொறி பறக்கிறது, பர்னர் பற்றிக்கொள்கிறது. அதே லைட்டரை நன்றாகக் காய்ந்த ஒரு விறகின் மேல் வைத்து விடியும்வரை அழுத்திக்கொண்டிருந்தாலும் விறகில் ஒரு கரும்புள்ளிகூட விழாது. இரண்டுமே எரிபொருள்தான். இரண்டுக்கும் காற்று கிடைக்கிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

எல்பிஜி பர்னருக்கு வரும்போதே வாயுவாக, காற்றோடு கலந்து வருகிறது. அந்தக் கலவையில் மிகச் சிறிய ஓரிடத்தைச் சூடாக்கினால் அந்த இடம் எரிந்து பக்கத்து இடத்தைச் சூடாக்கும், அது எரிந்து அதற்கடுத்ததைச் சூடாக்கும். தொடங்கிவைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 0.25 மில்லிஜூல், அதாவது ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த பீசோ மின்விளைவு இதற்குத் தாராளம். லைட்டருக்குள் இருக்கும் சிறு பீங்கான் துண்டை ஒரு சுத்தியல் தட்டுகிறது, மின்னழுத்தம் எகிறுகிறது, பொறி வருகிறது.

விறகு அப்படிப் பற்றாது. சுடர்விட்டு எரிவது கட்டை அல்ல, கட்டையிலிருந்து கிளம்பும் வாயு. அந்த வாயு கிளம்பவேண்டுமானால் கட்டை முதலில் சூடாக வேண்டும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டி உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்குகிறது. 300 டிகிரிக்கு மேலே செல்லுலோஸ் வேகமாக உடைகிறது. லிக்னின் அவசரப்படுவதில்லை, 500 டிகிரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. இப்படிப் பிரிந்து வரும் வாயுக்களும் தார்ப்பொருள்களும்தான் நாம் வெள்ளைப் புகையாகப் பார்ப்பது. அது அடர்ந்து வரும்போது பக்கத்தில் ஒரு சுடர் இருந்தால் பற்றிக்கொள்கிறது. ஆக, விறகைப் பற்றவைப்பது என்றால் விறகிலிருந்து வாயு தயாரிப்பது. அதற்குப் பொறி போதாது, சூடு வேண்டும், அதுவும் நின்று நிதானமாக வேண்டும்.

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கம் விறகடுப்பு பற்றவைக்கும் பெண்கள் இந்தக் கணக்கைத் தினமும் கையாலேயே போடுகிறார்கள். அடியில் தென்னையிலிருந்து விழுந்த பன்னாடை. அதன் மேல் துவரை மிளாறு, இல்லையென்றால் காய்ந்த மரவள்ளிக் குச்சி. அதற்கு மேல் இரண்டு கொட்டாங்குச்சி. கட்டை கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றினால் வீடு முழுக்கப் புகைதான்.

பன்னாடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். வலைபோலப் பின்னிய மெல்லிய நார்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனம், இடையிடையே காற்று. ஒரு பொருளின் மேற்பரப்பிலிருந்து நடுவரை சூடு போய்ச்சேர ஆகும் நேரம் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. அரை மில்லிமீட்டர் நாருக்கும் 6 மில்லிமீட்டர் குச்சிக்கும் கனத்தில் 12 மடங்குதான் வித்தியாசம், நேரத்தில் 144 மடங்கு. தீக்குச்சி எரியும் சில நொடிகளுக்குள் முழுசாகச் சூடேறி வாயுவைக் கக்கக்கூடியது நார் மட்டுமே. நார் எரிந்து மிளாற்றைச் சூடாக்குகிறது, மிளாறு எரிந்து கட்டையைச் சூடாக்குகிறது.

இப்போது பெல்லட் என்ற எரிபொருளுக்கு வருவோம். மரத்தூள், கடலைப்பொட்டு, இன்னும் பல வேளாண் கழிவுகளை அரைத்து, உலர்த்தி, துளையிட்ட எஃகு அச்சு வழியே பெரும் அழுத்தத்தில் பிதுக்கினால் 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனத்தில் பளபளப்பான உருளைகள் வருகின்றன. அழுத்தத்தின் சூட்டில் லிக்னின் இளகி, ஆறும்போது இறுகிப் பசையாகிவிடுகிறது. நல்ல பெல்லட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கட்டை மிதக்கும், பெல்லட் மூழ்கும். அதன் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம். அப்படியே விட்டால் சில நிமிடங்களில் ஊதிப் பெருத்துத் தூளாக உதிர்ந்து கிடக்கும்.

இந்த அடர்த்திதான் பெல்லட்டின் பலம். சாக்குக் கணக்கில் அடுக்கலாம், ஒரே சீராக எரிக்கலாம், ஒரு கிலோவில் சுமார் 17 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பற்றவைக்கும்போது அதே அடர்த்தி எதிராக நிற்கிறது. மேற்பரப்பில் விழும் சூட்டை உள்ளே இருக்கும் கனமான பொருள் இழுத்துக்கொண்டே போகிறது, மேற்பரப்பு சூடேறத் தாமதமாகிறது. தீக்குச்சியை நேராகப் பெல்லட்டில் காட்டினால் கறுக்கும், அவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்புகளில் இந்த வேலைக்கென்றே ஒரு உறுப்பு இருக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் மாற்று எரிபொருளைத் தேடிய காலத்தில் வந்த அடுப்பு இது. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெரி விட்ஃபீல்ட் 1980களில் அதை வீட்டுக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மேலே பெல்லட் கொட்டும் பெட்டி. அதிலிருந்து ஒரு திருகுத் தண்டு சுழன்று சிறிது சிறிதாகப் பெல்லட்டைத் தள்ளிவிட, அது உள்ளங்கையளவு எரிகிண்ணத்தில் விழுகிறது. கிண்ணத்தில் துளைகள் உண்டு, அவை வழியே விசிறி காற்றை இழுக்கிறது. கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ பேனா நீளத்தில் ஒரு ராடு செருகியிருக்கும். அதுதான் இக்னைட்டர். பொத்தானை அழுத்தியதும் ராடு சிவக்கிறது, அதை உரசிக்கொண்டு போகும் காற்று கொதிகாற்றாகிக் கிண்ணத்துக்குள் பாய்கிறது, ஐந்து பத்து நிமிடத்தில் பெல்லட் பற்றுகிறது. பிறகு ராடு அணைந்துவிடும், மற்றதைத் தீயே பார்த்துக்கொள்ளும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம்மவர்களில் இந்த அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு நடுக்குளிரில் ராடு சூடேறாமல் போனால் வீடு எப்படி இருக்கும் என்பது தெரியும்.

ராடு செய்யும் வேலையை எண்களில் போட்டுப் பார்க்கலாம். கிண்ணத்தில் 50 கிராம் பெல்லட் இருக்கிறது, அதில் ஈரம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குக் கொண்டுபோக உலர்ந்த பகுதிக்குச் சுமார் 22 கிலோஜூல் ஆகும். உள்ளே இருக்கும் 4 கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க இன்னும் 10 கிலோஜூலுக்குச் சற்று மேல். மொத்தம் 33ஐ ஒட்டி வரும். 300 வாட் ராடு ஐந்து நிமிடம் எரிந்தால் 90 கிலோஜூல் தருகிறது. கிண்ணத்தின் இரும்பு, விசிறி இழுத்துப்போகும் காற்று, அடுப்பின் உடல் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே பெல்லட்டுக்குப் போனாலும் வேலை முடிந்துவிடும். அந்த 50 கிராம் பற்றி எரிந்தபின் திருப்பித் தருவதோ 850 கிலோஜூல். இக்னைட்டர் தருவது ஒரு கைமாற்று, சில நிமிடத்துக்கு மட்டும், அதற்குப் பிறகு அடுப்பு தன் வருமானத்தில் தானே ஓடும். கேஸுக்குக் கேட்ட கால் மில்லிஜூலோடு ஒப்பிட்டால் இந்தக் கைமாற்று 36 கோடி மடங்கு பெரிது.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அடுப்பு பற்றாதபோது எங்கே தேடுவது என்பது தெளிவாகிவிடும். ராடு சூடு தரவில்லையா, தந்த சூடு பெல்லட்டுக்குப் போகவில்லையா, போன சூடு தண்ணீருக்கே செலவாகிறதா? பழுது இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் சிமெண்டுத் தரையில் வாய் திறந்து கிடக்கும் சாக்கு காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். 8 சதவீத ஈரம் 15 ஆனால் மேலே போட்ட கணக்கில் செலவு 33லிருந்து 40 கிலோஜூலாகும், அதில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீரை ஓட்டவே போகும். பெல்லட்டை விரல்களில் ஒடித்துப் பார்க்கலாம். நல்லது 'டக்' என்று ஒடியும். ஈரம் ஏறியது பிய்ந்து மாவாகும். பலகை மேல் அடுக்கி, சாக்கின் வாயைக் கட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது காற்று. ராடைச் சுற்றி வரும் கொதிகாற்றுதான் சூட்டைச் சுமந்துவருகிறது. எரிகிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்திருந்தால் ராடு செக்கச்செவேலென்று சிவந்தாலும் பெல்லட் பக்கம் எதுவும் போகாது. நல்ல மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கடலைப்பொட்டில் அதைவிடப் பல மடங்கு. உமியில் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. நம் ஊர்க் கழிவுகளில் செய்த பெல்லட்டை எரிப்பவர்கள் ஒரு கம்பியை எடுத்துத் தினமும் துளைகளைக் குத்திவிட வேண்டும். இக்னைட்டர் போய்விட்டது என்று கழற்றிப்போட்ட பிறகு, அடைந்து கிடந்தது துளைதான் என்று தெரியவருவது சகஜம். கதவின் ரப்பர் அல்லது கயிற்று அடைப்பு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். காற்று கிண்ணத்தின் துளை வழியே வராமல் கதவிடுக்கில் நுழைந்துவிடும்.

ராடே கெட்டிருக்கவும் கூடும். அதற்குள் இருப்பது நிக்ரோம் கம்பி, பெரும்பாலும் 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்ற உலோகக்கலவை. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியும் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டரும் இதனால்தான் வேலை செய்கின்றன. சிவக்கச் சூடானாலும் இது துருவேறி உதிர்வதில்லை. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது, அந்தத் தோல் உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கம்பி நீண்டு சுருங்குகிறது, தோலில் விரிசல் விழுகிறது, அதை மூட இன்னும் கொஞ்சம் குரோமியம் செலவாகிறது. நாளடைவில் எங்கோ ஓரிடத்தில் கம்பி மெலிகிறது. மெலிந்த இடத்தில் மின்தடை கூடுகிறது, அங்கே மட்டும் சூடு கூடுகிறது, அதனால் அந்த இடம் இன்னும் வேகமாக மெலிகிறது. ஒருநாள் அறுந்துவிடுகிறது. நாளுக்குப் பத்து முறை அணைந்து எரியும்படி தெர்மோஸ்டாட்டை வைத்தால் ராடு சீக்கிரம் போவதும், குறைந்த தீயில் தொடர்ந்து எரியவிட்டால் நெடுநாள் உழைப்பதும் இதனால்தான்.

அறுந்திருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுப்பு முழுக்க ஆறியபிறகு, ராடுக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றி மின்தடையை அளக்க வேண்டும். 230 வோல்ட்டில் 300 வாட் என்று எழுதிய ராடு 176 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வருவது அது. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் கம்பி அறுந்தது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட். கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கக்கூடியது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த அடுப்பை முதல்முறை போட்டதும் வீட்டின் டிரிப்பர் விழுவது பெரும்பாலும் இதனால். ஓம் சரியாக இருந்தும் ராடு சூடேறவில்லை என்றால் ஃபியூஸ், வயர் முனையில் இருக்கும் லக், கட்டுப்பாட்டு அட்டையின் ரிலே என்று பின்னோக்கிப் போக வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்கவேண்டிய இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. மாலையில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும். அப்படியில்லை, சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. 300 வாட் ராடு 184 வாட்டுக்கு இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் 55 கிலோஜூல், அதில் மூன்றில் ஒரு பங்கு 18. நமக்கு வேண்டியது 33. ராடில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அடுப்பு பற்றாது. அதிகாலையில் ஒழுங்காகப் பற்றி மாலையில் மட்டும் அடம்பிடிக்கும் அடுப்பில் முதலில் அளக்கவேண்டியது வோல்ட்டைத்தான்.

ராடு அறுந்தேவிட்டது, புதியது வந்துசேர நாளாகும் என்றால் கையால் பற்றவைக்கலாம். குளிர்நாடுகளில் எத்தனாலைக் களிம்புபோலக் கெட்டியாக்கி விற்கிறார்கள், அதைப் பெல்லட்டில் பிசிறிப் பற்றவைப்பது அங்கே வழக்கம். நம்மிடம் கற்பூரம் இருக்கிறது. ஒரு கிராம் கற்பூரம் எரிந்தால் சுமார் 38 கிலோஜூல் கிடைக்கும், 50 கிராம் பெல்லட்டுக்குத் தேவையான மொத்தச் சூட்டையும்விட அது அதிகம். திடப்பொருளாக இருந்தும் நேராக ஆவியாவதால் தீக்குச்சியிலேயே பற்றிக்கொள்கிறது. மண்ணெண்ணெய்போல ஓடி வழியாது, தெறிக்காது. ஆனால் சுடர் மேல்நோக்கிப் போவதால் சூட்டில் பெரும்பகுதி வீணாகிறது. கற்பூரத்தைப் பெல்லட்டின் மேல் வைப்பதைவிட, மூன்று நான்கு வில்லைகளைப் பெல்லட்டுகளுக்கு நடுவே செருகிவைத்தால் பலன் அதிகம். கரும்புகை வரும் என்பதால் ஜன்னலைத் திறந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் கற்பூரம் விஷம், மீதி வில்லைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

முறை இதுதான். அடுப்பை நிறுத்தி, ஆறவிட்டு, எரிகிண்ணத்தில் கிடக்கும் பழைய பெல்லட்டையும் சாம்பலையும் முழுக்க அள்ளிவிட வேண்டும். ஒரு கைப்பிடி புதுப் பெல்லட். ஒன்றிரண்டு போதாது, எரியும் பெல்லட் பக்கத்துப் பெல்லட்டுக்குச் சூட்டை வீசி, அதனிடமிருந்து சூட்டை வாங்கித்தான் உயிரோடு இருக்கிறது. எரியும் ஒன்றைத் தனியே எடுத்து வெளியே வைத்தால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். நடுவே கற்பூரமோ களிம்போ வைத்துப் பற்றவைத்து, கதவைச் சற்றே திறந்துவைத்து, பெல்லட்டிலேயே சுடர் நிற்பது தெரிந்ததும் கதவை மூடிவிட்டு அடுப்பை இயக்க வேண்டும். புகைபோக்கியில் இருக்கும் உணரி சூடு ஏறுவதைக் கண்டதும் தீ பற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல அடுப்புகள் வழக்கமான ஓட்டத்துக்கு மாறிவிடும். எல்லா மாடலும் இதற்கு இடம்கொடுக்காது, கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள் என்று சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்றாத அடுப்பில் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் திருகுத் தண்டு இன்னும் பெல்லட்டைக் கொட்டும். அரைகுறைச் சூட்டில் அந்தக் குவியல் புகைய ஆரம்பிக்கும். அந்த வெள்ளைப் புகை எரியக்கூடிய வாயு. அடுப்பறை முழுக்க அது நிரம்பிய நிலையில் எங்கோ ஓரிடத்தில் சுடர் தோன்றினால் மொத்தமும் ஒரே கணத்தில் பற்றும், கண்ணாடிக் கதவு வெடித்துப் பறக்கவும் செய்யும். கண்ணாடிக்குப் பின்னால் அடர்ந்த புகை சுழல்வதைப் பார்த்தால் கதவைத் திறக்கவே கூடாது, திறந்தால் அதற்குத் தேவையான காற்றை நாமே கொடுத்ததாகிவிடும். பிளக்கையும் பிடுங்கக் கூடாது. புகையை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டையும் இந்த அடுப்பின் பக்கமே கொண்டுவர வேண்டாம். மண்ணெண்ணெயின் ஆவி பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்குச் சற்று மேலேதான் தொடங்குகிறது, சித்திரை மாதத்து தருமபுரி வெயிலே அந்த அளவைத் தொட்டுவிடும். பெட்ரோலுக்கு அந்த வரம்பு பூஜ்யத்துக்கும் வெகு கீழே. அணைந்துவிட்டது என்று நினைத்த அடுப்பில் சாம்பலுக்கு அடியில் 600 டிகிரியில் தணல் கிடக்கும். அதன் மேல் எண்ணெய் விழுந்தால் முதலில் ஆவி எழும், பிறகு அந்த ஆவி முழுவதும் ஒன்றாகப் பற்றும், ஊற்றியவரின் கையும் முகமும் அதற்குள் இருக்கும். தீக்காயப் பிரிவுகளில் படுத்திருப்பவர்களை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த அவசரத்துக்குப் போகமாட்டார்கள்.

இனி, இக்னைட்டரே இல்லாமல் பெல்லட்டை எரிக்க நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய முயற்சியைச் சொல்ல வேண்டும். அது தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கும் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தா தலைமையிலான எரிதல் ஆய்வுக்குழுவின் வடிவமைப்பை வைத்து, பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி 2006இல் 'ஊர்ஜா' என்ற அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப விற்பனையிலேயே தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் இருந்தன. வேளாண் கழிவில் செய்த பெல்லட், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி, ஒரு உருளைக் கலன். மூன்று கல் அடுப்பு விறகின் சூட்டில் 10, 15 சதவீதத்தைத்தான் பாத்திரத்துக்குத் தரும். ஊர்ஜா ஆய்வகச் சோதனையில் 50 சதவீதத்தைத் தொட்டது.

அதில் கொதிகாற்று அடியிலிருந்து வருவதில்லை, தீயை மேலே வைக்கிறார்கள். கலன் நிறையப் பெல்லட்டைக் கொட்டி, உச்சியில் மட்டும் கொஞ்சம் சுள்ளியோ நாரோ வைத்துப் பற்றவைக்க வேண்டும். விசிறியின் காற்றில் ஒரு பகுதி அடியிலிருந்து மேலே வருகிறது, தீயின் முகப்பு அதற்கு எதிராக மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஒரு கிலோ உலர்ந்த பெல்லட் முழுதாக எரியச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும். அடியிலிருந்து வருவது ஒன்றரைக் கிலோ அளவுதான். அதனால் கீழே பெல்லட் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக மாறி மேலே வருகிறது. கலனின் விளிம்பில் இருக்கும் துளைகள் வழியே மீதிக் காற்று பாய்ந்து, அந்த வாயுவை நீலம் கலந்த சுடராக எரித்துவிடுகிறது. அமெரிக்காவில் தாமஸ் ரீடும் நார்வேக்காரரான பால் வெண்டல்போவும் 1980களில் ஒருவரையொருவர் அறியாமல் இந்த மேல்பற்று முறைக்கு வந்துசேர்ந்தார்கள். முகுந்தாவின் குழு அதற்கு விசிறிக் காற்றையும் துல்லியமான கணக்கையும் சேர்த்தது.

இந்த முறையில் பற்றவைக்க வேண்டியது மேலடுக்கை மட்டும்தான், அங்கே கைக்கு இடமும் இருக்கிறது. பன்னாடையும் ஒரு கற்பூரமும் போதும். ஒரு நுட்பம் மட்டும் பழக வேண்டும். தொடக்கத்தில் விசிறியை மெதுவாக வைத்து, தீ மேற்பரப்பு முழுக்கப் பரவியபின் கூட்ட வேண்டும். எடுத்ததும் வேகமாக வைத்தால் பிறக்கும் சூட்டைவிட காற்று அள்ளிக்கொண்டு போகும் சூடு அதிகமாகி, சுடர் பிய்ந்துவிடும். ஊதாங்குழலை எடுத்தவர்கள் முதலில் மெல்ல ஊதி, தணல் சிவந்தபின் பலமாக ஊதுவதில் இருப்பதும் இந்தக் கணக்குதான். அவசரத்தில் இந்த அடுப்பை அடியில் பற்றவைத்தால் மேலே இருக்கும் பெல்லட் முழுவதும் ஒரே நேரத்தில் சூடாகி, எரிக்கச் சுடரில்லாத புகையாகக் கொட்டும்.

நான்கு லட்சத்துக்கும் மேல் விற்ற அடுப்பு அது. 2009இல் பிபியிடமிருந்து ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற புனே நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்குப் பின் வீடுகளில் அதன் பயன்பாடு சரிந்தது. முக்கியக் காரணம் பெல்லட் விலை. கழிவு என்று கேட்பாரற்றுக் கிடந்த பொருளுக்குச் செங்கல் சூளையும் பாய்லரும் போட்டிக்கு வந்ததும் அது கழிவாக இல்லை. மூட்டை விலை ஏற ஏற வீட்டுக்காரர்கள் விறகுக்கோ கேஸுக்கோ திரும்பினார்கள், நிறுவனம் உணவகங்களின் பெரிய அடுப்புகள் பக்கம் போனது. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அறிவியல் ஜெயித்த இடத்தில் மூட்டையின் விலை தோற்கடித்தது. கடலைப்பொட்டும் தென்னங்கழிவும் மரவள்ளிக் குச்சியும் விளைகிற தருமபுரியிலேயே அரைத்துப் பிதுக்கி, இருபது முப்பது கிலோமீட்டருக்குள் விற்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். 2013இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு திருத்தி வெளியிட்ட ஐஎஸ் 13152 விசிறி அடுப்புகளுக்குக் குறைந்தது 35 சதவீதத் திறனையும், விசிறி இல்லாதவற்றுக்கு 25 சதவீதத்தையும் வரம்பாக வைத்தது. அந்த அளவுகோல் இன்றும் அடுப்பு வாங்குபவருக்கு உதவும்.

இப்போது பெல்லட் நம்மிடையே மீண்டும் வருகிறது, இந்த முறை டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் வழியாக. வணிக சிலிண்டரின் விலைதான் காரணம். சில பர்னர்களில் பொத்தானை அழுத்தினால் பற்றும் வசதியும் சேர்ந்து வருகிறது. விடியுமுன் பாலைக் காய்ச்ச வேண்டிய கடைக்காரருக்கு அது பெரிய உதவி, அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மொரப்பூர், இருமத்தூர், கம்பைநல்லூர் பக்கம் அப்படி ஒன்றை வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ராடு எத்தனை வாட், எந்த நீளம், எந்தக் கனம்? உள்ளூர் எலக்ட்ரிக்கல் கடையில் அதே அளவு கிடைக்குமா, இல்லை கோயம்புத்தூரிலிருந்துதான் வரவேண்டுமா? ராடைக் கழற்ற முழு அடுப்பையும் பிரிக்க வேண்டுமா, இரண்டு திருகைக் கழற்றினால் போதுமா? 180 வோல்ட்டில் பற்றுமா என்பதை மாலை நேரத்தில் கடையில் வைத்தே காட்டச் சொல்லலாம். எரிகிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு வில்லை கற்பூரம் வைக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அது இல்லாத பர்னரை யாருக்கும் வாங்கச் சொல்லமாட்டேன்.